ஊருக்கெல்லாம் பொல்லாத மாமியார்

பிள்ளைப்பாக்கத்துச் சின்னப்பொண்ணு சினிமாவுக்குள் நுழைந்தது ஒரு சண்டையால்தான். அறுப்பு முடிந்து தார் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தார். ஏரிக்கரையில் படம் எடுக்க வந்தவர்களின் ஜெனரேட்டர் வண்டி அதன்மேல் ஏறிவிட்டது.

"யோவ், கண்ணு இன்னா பொடணியிலயா கீது? சோத்து மேல வண்டி ஏத்தறியே, நீ சோறு துன்றவன்தானா?"

டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே பயந்தார். சத்தம் கேட்டு டைரக்டர் வந்தார். அன்று அவர் எடுக்க வேண்டியது குழாயடிச் சண்டை. சென்னையிலிருந்து வந்திருந்த நடிகைக்கோ குரலே எழும்பவில்லை.

"அம்மா, இதே மாதிரி கேமரா முன்னால பேசுவீங்களா?"

"பேசறேன். அதுவரைக்கும் என் நெல்லை யார் வாரறது?"

உதவி டைரக்டர்கள் வாரினார்கள். சின்னப்பொண்ணு குழாயடியில் நின்று, எழுதிக் கொடுத்ததில் பாதியும் தன் சொந்தச் சரக்கில் பாதியுமாக வெளுத்து வாங்கினார். படம் ஸ்ரீபெரும்புதூர் தியேட்டருக்கு வந்தபோது தெருவே திரண்டு போனது. ஒரு குடம் நிரம்புகிற நேரம்தான் அவர் திரையில் இருந்தார். அதற்கே விசில் கூரையைப் பிய்த்தது.

அப்போது அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ரகுபதி கம்பெனி பஸ் ஓட்டினார். படத்துக்குக் கூப்பிட்டால், கேன்டீன் தோழி கங்காவிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போவார். ஹீரோவின் பாயைத் தெருவில் வீசும் வீட்டுக்காரம்மா, ஜெயில் வார்டன், லஞ்சம் கேட்கும் ஆஸ்பத்திரி ஆயா என்று வருஷா வருஷம் வேடங்கள் வந்தன. ஒரு பேய்ப் படத்தில் முதலில் சாகிறவர் அவர்தான். நாள் முழுக்கக் கிணற்றுக்குள் கிடந்து சளி பிடித்ததுதான் மிச்சம். அந்தக் காட்சியை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

பிறகுதான் டிவி சீரியலில் மாமியார் வேடம் வந்தது. சாயந்தரம் ஏழு மணிக்குப் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக வந்து மருமகளைப் பாடாய்ப் படுத்துவார். கேன்டீன் வேலையை விட்டுவிட்டார். ஒரகடம் மார்க்கெட்டில் காய்க்காரம்மா அவருக்குக் கொசுறு போடுவதையே நிறுத்திவிட்டாள்.

"மருமவளுக்குச் சோறு போடாதவளுக்குக் கொத்தமல்லி ஒரு கேடா?"

சின்னப்பொண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து ரகுபதியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேடையில் மாலை போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அந்தச் சந்தோஷம் மகன் சுபாஷுக்குப் பெண் பேசும் வரைக்கும்தான் நிலைத்தது.

கார் உதிரிபாகக் கம்பெனியில் சுபாஷுக்கு அடுத்த லைனில் வேலை பார்த்தவள் சுகப்பிரியா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இருவருக்கும் பிடித்துப்போனது. வீடு பார்க்க அவளுடைய அம்மா கனகலட்சுமியும் தாய்மாமன் கொம்பையாவும் ரயிலேறி வந்தார்கள். மாமியார் கேன்டீனில் வேலை பார்த்தவர் என்று மட்டும்தான் சுகப்பிரியா அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

சாதாரண வாயில் புடவையில், பொட்டுகூடப் பெரிதாக இல்லாமல் நின்ற சின்னப்பொண்ணுவை முதலில் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ரகுபதி அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "வாங்க வாங்க" என்று சின்னப்பொண்ணு வாயைத் திறந்ததும், கனகலட்சுமி குடிக்கத் தூக்கிய டம்ளர் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குரலைத்தான் அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாரே!

"ஏ கொம்பையா, எந்திரி. போவோம்."

"ஏன்க்கா?"

"இவ யாருன்னு தெரியலயா? ஏழு மணிக்கு வாராள்லா, அவ!"

"எம்மா, அது நடிப்பும்மா" என்று கூட வந்திருந்த சுகப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நடிப்புதான், தெரியும். மனசுல இல்லாமலா அந்த முழி வரும்?"

ஊரே திட்டியபோது இனித்தது. இந்த ஒரு கேள்வி மட்டும் சின்னப்பொண்ணுவைச் சுருக்கென்று தைத்தது. உள்ளே போய் அடுப்படியில் நின்றார். கண் கலங்கியது. ரகுபதி பின்னாலேயே வந்தார்.

"வுடு புள்ள. சீரியலை வுட்டுட்டா போச்சு."

"நான் இன்னாத்துக்கு வுடணும்? நல்லா நடிச்சது தப்பா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "நாளைக்கு எனக்கு ஷூட்டிங் கீதுங்க. நீங்களும் வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்தான். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

கொம்பையாவுக்கு ஷூட்டிங் பார்க்கக் கொள்ளை ஆசை. அக்காவை எப்படியோ சம்மதிக்க வைத்தார்.

மறுநாள் குன்றத்தூர் பக்கம் ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. பசியோடு உட்கார்ந்திருக்கும் மருமகளின் தட்டை மாமியார் தட்டிவிடும் காட்சி. கேமராவுக்குப் பின்னால் இருவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். சின்னப்பொண்ணு பட்டுப்புடவை சரசரக்க வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டை ஓங்கித் தட்டினார். சோறு சிதறியது.

"ஏ பாதகத்தி! பிள்ள சோத்தத் தட்டுதியே, நீ வெளங்குவியா?"

கனகலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஒலிப்பதிவு செய்பவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். டைரக்டர் ராஜாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, சின்னப்பொண்ணுவும் சிரிக்கத் தொடங்கினார். அதன்பிறகு எத்தனை முறை எடுத்தும் அவருக்கு அந்த முழி வரவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மரத்தடியில் சின்னப்பொண்ணு தூக்குச்சட்டியைத் திறந்தார். செம்பரம்பாக்கம் ஏரி மீனில் வைத்த குழம்பு. மருமகளாக நடிக்கும் சசிகலா, வேஷத்தைக் கலைக்காமலேயே வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, முள்ளு எடுத்துக் குடு."

"கழுதை வயசாவுது, இன்னும் முள்ளு எடுக்கத் தெரியல உனக்கு." சொல்லிக்கொண்டே சின்னப்பொண்ணு முள்ளை நீக்கி அவள் தட்டில் வைத்தார்.

எதிரே இருந்த கனகலட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தன் தட்டை நீட்டினார்.

"எனக்கும் ஒரு துண்டு வையிங்க, மதினி."

தின்று பார்த்தார். "புளி கொஞ்சம் தூக்கல். ஆனா ருசி இருக்கு. எம்மவளுக்கு மீனுன்னா உசுரு, பாத்துக்கிடுங்க."

கொம்பையா அங்கிருந்தபடியே சுபாஷுக்குப் போன் போட்டார்.

கல்யாணம் குன்றத்தூர் மலைக்கோயிலில் நடந்தது. வந்த கூட்டமெல்லாம் மாமியாரோடு செல்ஃபி எடுக்க வரிசையில் நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஓரமாகக் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் சுகப்பிரியாதான், "அத்த, எங்க கூடயும் ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

அந்தச் சீரியல் முடிந்துவிட்டது. இப்போது ஒரு வெப் தொடரில் மகனையே கோர்ட்டுக்கு இழுக்கும் தாயாக நடிக்கிறார். வசனம் பக்கம் பக்கமாக இருக்கிறது. முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும், சுகப்பிரியா எதிர்க்கட்சி வக்கீலின் வசனத்தை நெல்லைத் தமிழில் படிப்பாள். சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதில் சொல்வார். போன வாரம் இருவரும் உச்சக்குரலில் மோதிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுக் கன்னியப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க? ஏதுனாலும் பேசித் தீத்துக்கலாம்!"

இருவரும் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு டீ போட்டுக் கொடுத்து, கன்னியப்பனை நாற்காலியில் உட்கார வைத்து, நீதிபதியின் வசனத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.