மைக் டீச்சர்

அந்தப் பழைய நகரத்தின் சதுக்கத்தில் வருஷத்துக்கு நான்கு விழாக்கள். பூ பூக்கிற காலத்தில் ஒன்று, முதல் மழைக்கு ஒன்று, அறுவடை முடிந்ததும் ஒன்று, குளிர்காலத்தில் தெருவெல்லாம் விளக்கேற்றி ஒன்று. நான்குக்கும் கூட்டம் அலைமோதும். கூட்டம் என்று இருந்தால் ஆள் தொலையாமல் இருக்குமா? தொலைந்தவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள். மற்ற நாட்களில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வாள். ஊரே அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

மணிக்கூண்டின் அடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் விழாக்காலத்தில் அவளுடைய அலுவலகம். ஒரு மேஜை, ஒரு மைக், அழுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு பெஞ்சு. ஜன்னலும் உண்டு. ஆனால் எந்த மகாராசன் வைத்தானோ, அது சதுக்கத்தைப் பார்க்காமல் செருப்புக் கடையின் பின்சுவரைப் பார்த்தது. இத்தனை வருஷமாக விழாவுக்கு வருகிறாள், ஒரு விழாவைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். யார் வந்து நின்றாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பாள்.

"கடைசியா எதைப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

நடந்துகொண்டே இருக்கிறவர்கள் தொலைய மாட்டார்கள், எதையோ பார்த்து நின்றவர்கள்தான் தொலைவார்கள் என்பது அவள் கட்சி. கேள்வியால் வேலைக்கும் லாபம் இருந்தது, ஏனென்றால் வாய் பிளந்து நின்ற இடத்தைச் சுற்றித்தான் ஆள் பெரும்பாலும் அகப்படுவார். ஆனால் அவள் கேட்டது வேலைக்காக மட்டும் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் மனைவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். கேட்டதும் அசடு வழிந்தார்.

"ஒரு கூண்டுக் கிளிம்மா. நான் இருமுற மாதிரியே இருமுச்சு. நான் இருமினேன், அது இருமுச்சு. திரும்பிப் பாத்தா வீட்டுக்காரியைக் காணோம்."

அன்று முழுக்க அவளுக்கு அந்தக் கிளி ஞாபகம்தான். இப்படிக் கேட்டுக் கேட்டே தலைக்குள் ஒரு விழாவைக் கட்டி வைத்திருந்தாள். மைக்செட் அண்ணன் மட்டும் கேலி செய்வார். கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர், கொட்டகையில் அவளுக்குத் துணையும் அவரே.

"ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதாதா தங்கச்சி? கதையும் வேணுமா உனக்கு?"

"கதை இல்லாம யாருண்ணே தொலைவாங்க?"

அவளுக்கு இரண்டு குரல். வீட்டுக் குரல், அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் குரல் வேறு. மைக்கைக் கண்டதும் முதுகு நிமிரும், சொல்லுக்குச் சொல் முழுசாக வந்து விழும். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால் பொரி விற்கிறவன்கூடக் கூவுவதை நிறுத்துவான். வீட்டில் ஒருநாள்கூட அவள் எதற்கும் "கனிவான" என்று சொன்னது கிடையாது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவளுக்கு ஒரே பெண், முதல் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். வீட்டில் அவள் வெறும் வாலு. அறுவடை விழாவுக்கு அப்பாவோடு போய்வந்த வாலு, கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, அங்க மைக்குக்குள்ள ஒரு டீச்சர் இருக்காங்க. வரிசையில நில்லுங்கன்னு சொன்னாங்க, பெரியவங்க எல்லாம் நின்னாங்க!"

ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அம்மா பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்பது வரைக்கும்தான் பிள்ளைக்குத் தெரியும். இவ்வளவு அருமையான வேடிக்கையை யாராவது கெடுப்பார்களா? அன்றிலிருந்து சாப்பிட அடம் பிடித்தால் "மைக் டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்", தலை வாரும்போது ஓடினால் "மைக் டீச்சர் பாத்துக்கிட்டே இருக்காங்க". வாலு உடனே அடங்கிவிடுவாள். புருஷனுக்குத்தான் இது பிடிக்கவில்லை.

"பொய்யை ரொம்ப வளக்காதே. என்னைக்காவது நம்மளையே கடிக்கும்."

"போங்க, பெரிய இவரு," என்று அவள் சிரித்தாள்.

குளிர்கால விழாவில் அந்தப் பொய் கடித்தது. சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம். கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் புருஷன் வந்து நின்றான். தனியாக நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. பாக்கெட்டுல சில்லறை எடுக்க ஒரு நிமிஷம் விட்டேன்..."

வெளியே கூட்டத்தின் சத்தம் தகரத்தில் வந்து மோதியது. எத்தனையோ தாய்மாருக்கு "பயப்படாதீங்க, கிடைச்சிடுவாங்க" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு உதவாக்கரை ஆறுதல் என்று இப்போதுதான் தெரிந்தது. மைக்கைப் பிடித்தாள். பழக்கம் என்பது பொல்லாதது, முதுகு தானாக நிமிர்ந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்த, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை." பள்ளிக்கூடப் பெயரை முழுசாகச் சொன்னாள். "சிறுமியைக் காண்பவர்கள் மணிக்கூண்டு அறிவிப்பு நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

யாரும் வரவில்லை. மறுபடி சொன்னாள். ஒரு சிவப்புத் தொப்பி வந்தது, உள்ளே இருந்தது யார் வீட்டுப் பையனோ. இன்னொன்று வந்தது, அதுவும் வேறு பிள்ளை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சதுக்கத்துக்கு அப்பால் ஆறு இருக்கிறது, குளிரில் படிக்கட்டெல்லாம் வழுக்கும் என்பதை நினைக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள்.

மைக்செட் அண்ணன்தான் அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை, பாப்பா கடைசியா எதைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு?"

அவளுடைய கேள்வி. ஊரையே கேட்டவள், சொந்தப் பிள்ளைக்குக் கேட்க மறந்துபோனாள்.

"கம்பத்துல கட்டியிருக்குற ஸ்பீக்கரை," என்றான் அவன். "அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. மைக் டீச்சர் எங்கப்பா உக்காந்திருக்காங்கன்னு ஓயாம கேட்டா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்படியானால் வாலு காதில் எல்லாமே விழுந்திருக்கும். ஆனால் கூப்பிடுவது மைக் டீச்சர், சொல்வது நோட்டுப் புத்தகத்து அட்டையில் ஒட்டியிருக்கிற பெயர். அம்மா கூப்பிடவே இல்லையே!

மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். இந்த முறை முதுகு நிமிரவில்லை.

"அடியே வாலு! அம்மாடி! அம்மா பேசறேன்டி! எங்கடி போய்த் தொலைஞ்ச? மைக் டீச்சரும் நான்தான்டி, அம்மா பொய் சொல்லிட்டேன். எங்க நிக்கறியோ அங்கேயே நில்லு! நின்ன இடத்துலேருந்து சத்தமா கத்துடி, நான் இங்கதான் இருக்கேன்னு!"

கம்பத்துக்குக் கம்பம் அவளுடைய அடுக்களைக் குரல் அழுதுகொண்டே போயிற்று. வெட்கம் மானம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு எங்கோ தூரத்தில் சிரிப்பு கிளம்பியது, கைதட்டல் கேட்டது, "இங்க இருக்கு, இங்க இருக்கு" என்று யார் யாரோ கத்தினார்கள்.

பலூன்காரர் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்புத் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவள் பாய்ந்து வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அழுகை பொங்கி வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"மைக்ல அத்தனை தடவை சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சே," என்றாள் வாலு. "என் பேரே வெச்ச இன்னொரு பொண்ணு தொலைஞ்சு போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. பாவம்மா, அதுவும் சிவப்புத் தொப்பி. அதைக் கண்டுபிடிச்சு டீச்சர்கிட்ட குடுக்கலாம்னு எல்லா எடத்துலயும் தேடினேன். நானும் எல்லாரையும் கேட்டேன்."

தொலைந்த பிள்ளை தன்னையே தேடிக்கொண்டு சதுக்கம் முழுக்க அலைந்திருக்கிறது. பலூன்காரர் தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா, என்னைக்கூடக் கேட்டுச்சு. கடைசியா எதைப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு வேற கேட்டுச்சு."

அந்தக் கேள்வியை வீட்டில் அம்மாக்காரி எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாளோ, அவளுக்கே நினைவில்லை.

வாலு மேஜையைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்போ மைக் டீச்சர் இல்லவே இல்லையா?"

அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது. அப்பா தூக்கினான், அடங்கவில்லை. மைக்செட் அண்ணன் பொத்தானை அமுக்கிச் சிவப்பு விளக்கு காட்டினார், அதற்கும் மசியவில்லை. தான் கெடுத்ததை யார் சரி செய்வது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணை மடியில் உட்கார வைத்து, மைக்கை இழுத்தாள். முதுகு நிமிர்ந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. சிவப்புத் தொப்பி அணிந்த சிறுமி கிடைத்துவிட்டாள். அவளைத் தேடி அலைந்து, கண்டுபிடித்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவளும் அதே சிறுமிதான். அவளுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி."

வெளியே சதுக்கம் ஆரவாரித்தது. வாலு அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு சின்னக் கையை நீட்டி அம்மாவின் தொண்டைக்குழியில் வைத்தாள்.

"டீச்சர்," என்றாள் அந்த இடத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணோட அம்மாவைத் திட்டாதீங்க. அவங்க பாவம்."