ராக்கெட் படமும் தேவசகாயம் அண்ணாச்சியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா வந்து நின்றார்கள். திருத்தங்கலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். கையில் பை இல்லை. பேரனுக்கு ஒன்றும் வாங்காமல் அம்மா வந்ததே இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல அவன் குடிச்சு முடிக்கட்டும்," என்றார்கள்.

குடித்து முடித்தான். தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்த பிறகுதான் சொன்னார்கள்.

"ஆபரேட்டர் அண்ணாச்சி போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாகளாம். அம்புட்டுதான்."

தேவசகாயம் அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசியில் ஒரு தியேட்டரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் படம் ஓட்டியவர். திருத்தங்கலில் எங்கள் தெருவில், எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். மனைவி இளவயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தினமும் சைக்கிளில் போய்வருவார். கையெழுத்து அச்சு எழுத்தைப்போல இருக்கும். எங்கள் வேதக்கோவிலில் கல்யாண அறிவிப்பு, ஆராதனை நேரம் எல்லாம் பலகையில் எழுதுவது அவர்தான். தியேட்டரில் கண்ணாடித் துண்டில் மையால் எழுதித் திரையில் காட்டும் ஸ்லைடுகளும் அவர் கைப்படத்தான்.

நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி சபையார் என்னைக் கேட்டார்கள். தெருவில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்தி. அவர்கள் சொன்ன தேதி கடந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அண்ணாச்சியின் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலைகள் பெருகிவந்த காலம் அது. பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் வெடிமருந்து அறைக்குப் போனார்கள். ஆலைகள் இருந்த கிழக்குப் பக்கம் சத்தம் கேட்டால், தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் முதலில் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் ஓடுவார்கள். தியேட்டருக்குள் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்காக அண்ணாச்சி தம் அறையின் கிழக்கு ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். வெளியே வெடித்த சத்தம் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுவார். கதவுகள் திறக்கும். போகிறவர்கள் போவார்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தால் டிக்கெட் கேட்கமாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து படம் ஓடும்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு முறை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மேலே ஏறிப்போய்ச் சண்டை போட்டார். "நல்ல கட்டத்துல நிறுத்திட்டீங்களேய்யா!"

அண்ணாச்சி கீழே எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்: "படம் எங்கயும் போயிராது சார். பொட்டிக்குள்ளதான் இருக்கு."

நான் மதுரையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அந்த ராக்கெட் படம் வந்தது. மனிதன் விண்வெளிக்குப் போய் வந்துவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்த சமயம். படத்தில் ஒரு தையல்காரர் வாடகை கேட்டு விரட்டும் வீட்டுக்காரருக்குப் பயந்து ஒளிந்துகொள்வார். ஒளிந்த இடம் ஒரு விஞ்ஞானியின் ராக்கெட். அது போய் இறங்கும் சந்திரனில் தகர உடுப்பு போட்டவர்கள், சிரிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு இவர் சட்டை அளவெடுப்பதும், அவர்கள் கூச்சப்பட்டுச் சிரிக்கக் கற்றுக்கொள்வதும் கதை. ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் பெரிய வெடி. புகை விலகினால் தையல்காரர் முகம் முழுக்கக் கரி, தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்கும், வேட்டி கருகியிருக்கும். மதுரையில் விடுதிப் பெண்களோடு பார்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

சிவகாசியில் அந்தப் படத்தின் முதல் காட்சி வேறு மாதிரி நடந்தது. முதல் வெடியிலேயே தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். பெண்கள் பக்கம் ஒரே அழுகை. ரோட்டில் நின்று கிழக்கே பார்த்து, புகை இல்லை என்று திரும்பி வந்தார்கள். அடுத்த வெடிக்கு மறுபடி ஓடினார்கள். ஓடாமல் இருந்தவர்களும் சிரிக்கவில்லை. கரி அப்பிய அந்த முகம் திரை முழுக்க வந்து கண்ணை உருட்டியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாம்: "ஏலே, யாராச்சும் அந்த மூஞ்சியத் தொடச்சு விடுங்கலே. பாக்க முடியல."

தியேட்டர் முதலாளி படப்பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. "நல்ல படம் மொதலாளி. நம்ம சனங்களும் ஒரு நா சிரிக்கட்டுமே," என்று சொல்லி ஒரு யோசனை செய்தார். தியேட்டரில் ஒரே மிஷின். ரீல் மாற்றும்போது படம் நிற்கும். வெடி வரும் ரீலை மாட்டுவதற்கு முன் ஒரு ஸ்லைடு போட்டார்:

"அடுத்து வருவது படச் சத்தம். பயப்பட வேண்டாம். அமர்ந்திருக்கவும்."

படத்தைவிட அந்த ஸ்லைடுக்குத்தான் கைதட்டல் அதிகம். "சரி அண்ணாச்சி, உக்காந்துட்டோம்!" என்று ஆண்கள் பக்கம் கத்துவார்கள். "எந்திரிக்க மாட்டோம், சத்தியம்!" என்று பெண்கள் பக்கம் பதில் வரும். சொல்லிவைத்து வெடித்ததும் கரி முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். ஆனைக்குட்டத்திலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். மூன்று வாரம் ஓடியது. படத்தின் சத்தம் வெளியே போய்த் தெருவில் இருப்பவர்கள் பதறுகிறார்கள் என்று, அந்த மூன்று வாரமும் கிழக்கு ஜன்னலை மூடச் சொல்லிவிட்டார் முதலாளி. அண்ணாச்சியும் மூடினார்.

தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் எதிர்வீட்டுச் செல்லக்கனி அக்காவோடு மாட்டினி போனேன். அக்கா வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டுபவர். அவர் தங்கை பொன்னுத்தாய்க்குப் பட்டாசு ஆலையில் வேலை. சீசன் என்பதால் அன்றும் வரச் சொல்லிவிட்டார்கள். "அவளையும் கூட்டியாந்திருக்கலாம். சிரிக்கதுன்னா அவளுக்கு உசுரு," என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஸ்லைடு வந்தது. "என்ன போட்டிருக்குடி?" என்று அக்கா கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வரிசையில் பலருக்கும் தெரியாது. நான் சத்தமாக வாசித்தேன். ரீல் ஓடியது. ராக்கெட் வெடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு வெடி கேட்டது. அது கனமான சத்தம். பெஞ்சு அதிர்ந்தது என் தொடையில் தெரிந்தது. தியேட்டர் முழுக்க முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தது.

அக்கா பாதி எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்கக்கா, படந்தான். அண்ணாச்சிதான் சொல்லியிருக்காகள்ல."

அக்கா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் செய்தார்.

நான் மதுரையில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு வெடிதான் உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்து உட்கார வைத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் எழுந்து ஓடுகிறார்களே என்று அப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்த ரீல் ஓடி முடியும்வரை யாரும் எழவில்லை. அடுத்த ரீல் மாற்றப் படம் நின்று கதவைத் திறந்தபோதுதான், பொன்னுத்தாயின் ஆலை வெடித்துவிட்டதென்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பொன்னுத்தாய் சற்று முன்புதான் இறந்திருந்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா அறியாமல் சொன்னார்கள்: "அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்கதானா?"

மறுநாளே படப்பெட்டி ஊரைவிட்டுப் போனது. மற்ற ஊர்களில் அது நன்றாக ஓடியதாகக் கேள்வி. எங்கள் பக்கம் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால் மற்றவர்கள் எழுந்துபோய்விடுவார்கள். சிரித்தோமே என்பதுதான் எல்லாருக்கும் உறுத்தல்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி செல்லக்கனி அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டார்: "எம் எழுத்தப் பாத்துத்தானம்மா நீ உக்காந்த?"

அக்கா பதில் சொல்லவில்லை. நான் உள்ளே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை. அண்ணாச்சி திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஸ்லைடு எழுதவே இல்லை. கோவில் பலகைக்கும் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. "கை நடுங்குதுய்யா" என்று போதகரிடம் சொன்னாராம். படம் ஓட்டும்போது நடுங்காத கை.

எனக்குப் படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, விருதுநகருக்கு வந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மகன் பிறந்து நாலாம் மாதம் அண்ணாச்சியே பார்க்க வந்தார். பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது தெருவில் லாரி டயர் வெடித்தது. பிள்ளை வீரிட்டான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதடா" என்று ஓடிவந்து தூக்கினேன்.

"அப்பிடிச் சொல்லாதம்மா," என்றார் அண்ணாச்சி. "மொதல்ல வெளிய போய்ப் பாரு. பாத்துட்டு வந்து அப்புறம் சொல்லு."

அவர் முகம் வெளுத்திருந்தது. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுக் காபி கலக்கப் போனேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அன்று முதல் எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். தொட்டிலைவிட்டு நாலடி நகர எனக்குப் பயமாக இருக்கிறது.

அடக்கத்தன்று பிள்ளையோடுதான் திருத்தங்கல் போனேன். கல்லறைத் தோட்டத்தில் செல்லக்கனி அக்கா எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். ஜெபம் முடிந்து மண் தள்ள ஆரம்பித்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு வாசிச்சதும் நாந்தான், இழுத்து உக்கார வச்சதும் நாந்தான்."

"எனக்குத் தெரியாதாட்டி? எங் கையத்தான இழுத்த?"

"பின்ன ஏங்கக்கா அண்ணாச்சிகிட்ட சொல்லல?"

"எழுத்துத் தெரியாதுன்னு சொன்னா, யாரு வாசிச்சான்னுதான் அவுக கேப்பாக. நீ கல்யாணம் ஆகாத புள்ள. தெருவே உன்னயப் பேசியிருக்கும்." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லியிருப்பன்னுல நெனச்சேன். இம்புட்டு வருசமாச்சே. சொல்லலியா?"

"இல்லக்கா."

நான் எதிர்பார்த்தது திட்டு. அக்கா கையை நீட்டினார்.

"புள்ளயக் குடு. போய்ச் சொல்லிட்டு வா."

பிள்ளையைக் கொடுத்தேன். குழியருகே போய் நின்று, மண் தள்ளுகிறவர்களும் போதகரும் கேட்கும்படி சொன்னேன்: "அண்ணாச்சி, செல்லக்கனி அக்கா உங்க எழுத்தப் பாத்து உக்காரல. அவுகளுக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லித்தான் உக்காந்தாக." மண்வெட்டிகள் நின்றன. அப்புறம் மறுபடி மண் தள்ளின.

திரும்பிப் பார்த்தால் அக்கா நின்ற இடத்தில் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து வாசலைத் தாண்டி, வெயிலில், ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். பிள்ளை என்னைப் பார்த்தபடி போனான். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. ஒருமுறை அவரை இழுத்து நிறுத்தியது போதும். பஸ் நிறுத்தம் வரை பத்தடி பின்னாலேயே நடந்தேன். பஸ் வந்து நின்ற பிறகும் அக்கா பிள்ளையை உடனே தரவில்லை. அவராகத் தரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி, அன்று வாசற்படியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, அந்த வீட்டுக்குள் நின்றவளின் பதில் இது. இனி அந்தப் பாரம் உங்களுடையது இல்லை. போய் இளைப்பாறுங்கள்.