அஞ்சலை மூடிய பாட்டில்

கடந்த வியாழன் காலை ஆறரை மணி. என் அலமாரியில் நிற்கும் ஒரு கண்ணாடி பாட்டிலின் உட்புறம் மீண்டும் வேர்த்திருந்தது. காலி பாட்டில்தான், இறுக மூடப்பட்டது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அந்த வேர்வை மறைந்துவிடும். மறுநாள் விடியலில் திரும்ப வரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

அதை மூடியவள் இன்று உயிரோடு இல்லை.

அச்சமூட்டுவதற்காக இதை எழுதவில்லை, வாசகர்களே. நான் பேயை நம்புகிறவன் அல்லன். என் வழக்கெல்லாம் ஈரத்தோடுதான்.

இடையஞ்சாவடியில் ஒரு சிறு கூடத்தில் சுக்குக் காபித்தூள் தயாரிக்கிறார்கள். பனைவெல்லம் கலந்த தூள். ஈரக்காற்று பட்டால் ஒரே வாரத்தில் கல்லாகிவிடும். அது கெடாதிருக்க பாட்டிலும் மூடியும் வடிவமைத்துத் தரும் பொறுப்பு, 2004 மழைக்காலத்தில் என்னிடம் வந்தது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். மூடிக்குள் ரப்பர் வளையம் எத்தனை தடிமன், மரை எத்தனை சுற்று — யாவும் டின் பட்டறையில் கெடுத்துக் கெடுத்துக் கற்றவை.

மரக்காணத்தில் மழை இறங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் அளத்துப் பெண்கள் ஆறு பேருக்குத் தூள் அடைக்கும் வேலை தருவதாக ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை... என் பாட்டில் சோதனையில் தேற வேண்டும்.

உப்பு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையைவிட ஈரமான இடம் இந்தக் கரையில் உண்டா? அங்கேயே சோதனை வைத்தேன். ஆறு பெண்களும் காலி பாட்டில்களை மூடித் தந்தார்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு துண்டுத் தாள். அதில் மூடியவரின் பெயரைக் காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தேன். அந்த எழுத்து உலர்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதா. என்னுடைய ஆய்வுக்கூடம் அவ்வளவே.

பத்தாம் நாள் பார்த்தேன். ஐந்து பெயர்கள் சாம்பலாகவே இருந்தன. 'அஞ்சலை' என்ற பெயர் மட்டும் ஊதாவாகக் கசிந்து வழிந்திருந்தது. அவள் மூடிய ஒவ்வொரு பாட்டிலிலும்! ரப்பர் வளையத்தை மாற்றினேன். மீண்டும் அவள் பெயர் மட்டுமே அழுதது. ஈரத்துக்கு ஆளை அடையாளம் தெரியுமா என்ன?

அவளருகே அமர்ந்து கவனித்தேன். மூடுமுன், பாட்டிலுக்குள் 'ஃபூ' என்று ஊதினாள்.

"ஏம்மா, எதுக்கு ஊதுற?"

"உப்புத் தூசி இருக்குமேங்க? அளத்துல சோத்து டப்பாவக்கூட ஊதாம மூட மாட்டோம். ஒங்க பாட்டிலு மட்டும் என்னா பெரிய இதுவா?"

"அவ புருசனயே தெனம் ஊதித் தொடச்சிதாங்க வைக்கிறா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். கொட்டகையே சிரித்தது.

எனக்கு உயிர் வந்தது. ஈரம் வெளியிலிருந்து நுழையவில்லை. உள்ளே அடைபட்ட மூச்சை என் மூடி வெளியே விடவில்லை. பாட்டில் தேறிவிட்டது. வேலையும் உறுதியாயிற்று.

"இனிமே ஊதாதம்மா" என்றேன். அஞ்சலை ஒரு பாட்டிலை எடுத்தாள். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து உள்ளே ஊதி, சட்டென்று மூடி என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க ஐயா, கடைசியா ஒண்ணு. எம் மூச்சு. பத்திரமா வச்சிக்கோங்க."

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கக் கரைக்குப் போனாள். கடல் உள்ளே வந்த காலை. தேடியதில் சேலைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

சென்ற வியாழன் நண்பகலில் அவள் கணவன் ஏழுமலை என் வீட்டுக்கு வந்தான். வாசல் பானையில் தண்ணீர் மொண்டு கை கழுவிவிட்டு, தயங்கி நின்றான்.

"ஐயா... அஞ்சல மூச்சு ஒங்ககிட்ட இருக்குதுன்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க. மெய்யா?"

பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கினான். அந்த வேளையில் அது ஒருநாளும் வேர்த்ததில்லை. அன்று அவன் விரல்களுக்கிடையே வெண்மை மெல்லப் படர்ந்தது... உள்ளிருந்து.

"கை ஈரம்பா. கண்ணாடி குளிர்ந்தா அப்படித்தான் ஆவும்," என்றேன். அவன் காதில் விழவில்லை.

"எடுத்துட்டுப் போறியா?"

"வேணாங்க. ஓல வீடு, எலி தட்டி விட்டுடும். எங்கிட்ட அவ போட்டோகூட ஒண்ணு கெடையாதுங்க. ஒங்ககிட்டயே இருக்கட்டும்... தொறந்துடாதீங்க." பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுக் கேட்டான்: "எத்தினி நாளு தாங்கும்?"

"தாங்கும்பா."

அவன் தெருமுனை திரும்பும்வரை அந்த வெண்மை கலையவில்லை. ஈரக் கையின் குளிர் அவ்வளவு நேரம் நிற்காது. இதை நான் பலமுறை செய்து பார்த்தவன்.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த ரப்பர் வளையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த உறுதி இரண்டே ஆண்டுகள். வரும் மாதத்தோடு அது முடிகிறது. அன்று மாலையே மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றினேன். ஈரத்தை வெளியே நிறுத்துவதற்கே வாழ்ந்தவன், அது வெளியேறிவிடக் கூடாதே என்று இப்போது விடியலில் எழுந்து அலமாரியைப் பார்க்கிறேன்.

இன்று காலையும் வேர்த்திருந்தது — சற்றுக் குறைவாக.