நூறு நாள் வேலையில் நாற்பது படிவங்கள்

என் முதல் ஆராய்ச்சியை நான் டீக்கடையில் உட்கார்ந்து முடித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட இது கௌரவம்.

எம்.எஸ்ஸி. உளவியல், கடைசி செமஸ்டர். கிராமத்துப் பெண்களின் சுயமதிப்பு என்று தலைப்பு வாங்கியிருந்தேன். நாற்பது பெண்களிடம் கேள்விப் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். நானோ நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சைப் பிடித்து, நீலம், கருப்பு, பச்சை என்று மூன்று பேனாக்களை வைத்துக்கொண்டு, ஒரே மத்தியானத்தில் நாற்பது பெண்களாக வாழ்ந்து முடித்தேன். சீனியர்கள் சொல்லிக்கொடுத்த முறை. நாலைந்தை இடது கையால் எழுதினேன். உழைப்பில் குறை வைக்கவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் சுயமதிப்பின் பக்கமே போகவில்லை. முதல் பக்கத்தில் தூங்கி எழும் நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏன்யா, நாப்பது பொம்பளையும் காலைல ஒம்பது மணிக்குத்தான் எந்திரிக்கிறாங்களா? எந்த ஊருனு சொல்லு, நானும் அங்கயே போய் இருந்துக்கிறேன்."

கட்டு குப்பைக்கூடைக்குப் போனது. எனக்குப் பதினைந்து நாள் தவணை கிடைத்தது.

மறுநாள் விளாங்குடி வீட்டில் நான் ஆறு மணிக்கு எழுந்ததைப் பார்த்து, காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காளவாசலில் பஸ் மாறி, நாகமலையைத் தாண்டி மேற்கே ஒரு கிராமத்தில் இறங்கினேன். கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மண் சுமந்து ஓய்ந்த பெண்கள் புளியமர நிழலில் தூக்குவாளிகளைத் திறந்திருந்தார்கள்.

நான் வாசிப்பது, அவர்கள் சொல்வதைக் குறிப்பது என்று ஏற்பாடு. முதல் கேள்வி: நான் மதிப்புக்குரிய ஆள் என்று நினைக்கிறேன். ஆமா, இல்லையா? ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்தவரிடம் திரும்பினார்.

"ஏ மதினி, தம்பி கேக்குதுல்ல. நான் எப்பிடி?"

மதினி ஒரு வாய் சோற்றை மென்று முடிக்கும்வரை யோசித்தார். "வாய் கொஞ்சம் நீளம். ஆனா ஒரு நல்லது கெட்டதுனா மொத ஆளா வந்து நிப்பா. மதிப்புக்குரியவதான். போட்டுக்கங்க தம்பி."

அடுத்தவரைக் கேட்கக் கூடாது, நீங்களேதான் சொல்ல வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைய நானே நல்லவனு சொல்லிக்கிட்டா எம்புட்டுத் திமிருனு பேச மாட்டாக? இல்லைனு சொன்னா அது பொய்யி. அதான் அவகிட்ட கேக்குறேன்."

நாற்பதும் இப்படித்தான் நிரம்பின. மாமியாருக்கு மருமகள் பதில் சொன்னார். ஒருவருக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்ல, கை தூக்கச் சொல்லி முடிவெடுத்தோம். 'நான் தோற்றுப்போனவள் என்று தோன்றுகிறது' என்பதற்கு மட்டும் ஒரு பெண் யார் பக்கமும் திரும்பவில்லை. வாளியை மூடினார். "அத விடுங்க தம்பி, அவகூட நான் பொறவு பேசிக்கிறேன்" என்றார் பக்கத்தில் இருந்தவர். கட்டத்தைக் காலியாக விட்டேன். யாருக்காக யார் சொன்னார் என்பதைப் படிவங்களின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை ஒரே பேனா.

எல்லாவற்றையும் ஓர் அத்தியாயமாக எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். செல்லாது என்றார் பேராசிரியர். தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் முறை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து மறுபடி வாங்கி வா, அதுவரை கையெழுத்து கிடையாது. சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது. கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. ஓரக்குறிப்பை மட்டும் வெட்டிவிட்டுப் புதுசு என்று நீட்டச் சொன்னான் வகுப்புத் தோழன். கத்தரிக்கோலும் அவனே கொண்டுவந்தான். நான் வாங்கவில்லை. பொய்யான நாற்பதுக்குத் தலைகுனிந்தவன் நான், அது நியாயம். நிஜமான நாற்பதுக்கு எதற்குக் குனிய வேண்டும்? அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. கேள்விக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வேட்டையும் ஒரு வெற்றுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவர் மேசை முன் நின்றேன்.

"நீங்க ஒண்ணு நிரப்பிக் குடுங்க சார். தனியா உக்காந்தே நிரப்புங்க."

இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல் பேனாவைத் திறந்தார். தூங்கி எழும் நேரம் ஐந்தரை என்று அழுத்தி எழுதி என்னைப் பார்த்தார். முதல் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. 'ஆம்' பக்கம் போனது, திரும்பியது. 'இல்லை' பக்கம் போகவே இல்லை. பிறகு அவரை அறியாமலே, அடுத்த மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பேராசிரியையைப் பார்த்தார்.

"மேடம், நம்ம டிபார்ட்மென்ட்ல நான் எப்பிடி?"

அவர் தலை நிமிரவில்லை. "கோவம் ஜாஸ்தி சார். மத்தபடி தங்கமான ஆளு."

பேனா 'ஆம்' என்பதைத் தொட்டு, அப்படியே உறைந்தது. நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பேராசிரியர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். என் ஆய்வேட்டை இழுத்து, கையெழுத்துப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அது வராது.

"அப்ப இதையும் நாப்பத்தொண்ணா சேத்துக்கிரவா சார்?"

"நாப்பதோட நிறுத்து."