நாற்பது பேருக்கு மட்டும் என்று எழுதிய கடிதம்

கைபேசியில் தமிழ் தட்டச்சுச் செய்வதற்கான இலவச மென்பொருள் ஒன்றில் நான் ஓய்வு நேரத்தில் வேலை செய்தேன். பல நாடுகளில் இருந்த நாற்பது பேர் ஒரு மின்னஞ்சல் குழுவில் கதைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பொது மன்றத்துக்கு மாற்றுவோம் என்று ஒருவர் சொன்னபோது, கடுமையாக எதிர்த்தது நான்தான். ஊர் பார்க்க யார் மனம்விட்டுக் கதைப்பார்கள் என்று கேட்டேன்.

யாழ்ப்பாண நகரில் எங்கள் அலுவலகத்தில், வல்வெட்டித்துறையிலிருந்து வரும் ஒரு அண்ணையின் மேசை என்னுடையதற்குப் பக்கத்தில். அந்த மென்பொருளில் ஒரு பகுதி அவர் எழுதிக்கொடுத்தது. குழுவில் மட்டும் சேரவில்லை.

ஒருநாள் காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், தன் கைபேசியிலிருந்த எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பில் கெ, கே போன்ற கொம்பெழுத்துகள் உடைந்து வருவதற்கு இணையத்தில் விடை தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கடை பேரிலை ஒரு கடிதம் கிடக்கு!" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு, உரக்க வாசிக்கத் தொடங்கினாள். "இந்தப் பகுதியை எழுதியவர் என் அலுவலகத்திலேயே இருக்கிறார். அவருக்கு இது விளங்காது. சொன்னாலும் கேட்கமாட்டார். அவருக்குத் தெரியாமல் நாங்களே மாற்றி எழுதிவிடுவோம்."

அது அண்ணையைப் பற்றியது என்று பாதியில் அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. குழுவின் கடிதங்கள் எல்லாம் இணையத்தில் சேமிக்கப்பட்டு, யாரும் தேடிப் படிக்கும்படி கிடந்தன. சேரும்போது வந்த மடலிலேயே அது எழுதியிருந்ததாம். நான் வாசிக்கவில்லை.

அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்.

"உந்தக் கடிதத்தை நான் ரண்டு வருசத்துக்கு முன்னமே வாசிச்சிட்டன், தங்கச்சி."

அதுதான் என்னை உலுக்கியது. இந்த இரண்டு வருடமும் என்னோடு தேத்தண்ணி குடித்தவர். கோப்பாயில் என் தங்கையின் கலியாணத்துக்கு வந்து, பந்தியில் நின்று பரிமாறியவர்.

"ஏன் அண்ணை என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"பிழை என்ரைதான். அப்பவே திருத்திப்போட்டன். ஆனா, சொன்னாலும் கேக்கமாட்டன் எண்டு எழுதியிருந்தாய். நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?"

மத்தியானம், அந்தக் கடிதத்தை அழிக்கும்படி குழுவை நடத்துபவருக்கு எழுதினேன். அதன் பிரதிகள் வேறு பல தளங்களிலும் இருப்பதாகவும், அவற்றைத் தன்னால் அழிக்க முடியாது என்றும் பதில் வந்தது. மறுநாள் அதே கடிதத்துக்குக் கீழே, அவரிடம் நான் ஒருபோதும் சொல்லிப் பார்க்கவில்லை என்று என் பெயரோடு எழுதினேன். அவரிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றார்.

சில மாதங்களில் பொது மன்றம் வந்தது. இந்த முறை நான் எதிர்க்கவில்லை. அண்ணையும் அதில் சேர்ந்தார். ஒருநாள் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"நீ எழுதினதிலை ஒரு பிழை கிடக்கு. மன்றத்திலை போடப்போறன். முதல் உனக்குச் சொல்லுவம் எண்டு பாத்தன்."

"ஓம் அண்ணை, போடுங்கோ" என்றேன்.