கம்பிமேல் பூசிய சந்தனம்

முருகையன் மோட்டார் காயில் கட்டுகிற கடை செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. அவருடைய ஒரே மகள் ஜெயசுதாவும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். தண்ணி இல்லாத போர்வெல்லில் மோட்டாரை ஓடவிட்டுக் கருக்கிவிட்டு, போன மாசம் நீ கட்டின காயில் சரியில்லம்மா என்று எவனாவது வந்து நின்றால் போதும். கருகின கம்பியை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, குடும்பத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இழுத்துத் திட்டுவாள். ஆனாலும் மேல்மலையனூரிலிருந்துகூட அவளிடமே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இந்தக் கோபத்துக்குத் தோதாக அவளுக்கு ஒரு பாட்டும் கிடைத்தது. காலேஜ் படிக்கும்போது யாரோ போனில் போட்டுக் காட்டிய ஹெவி மெட்டல். மற்றவர்களுக்கு அது காட்டுக்கத்தல். ஜெயசுதாவுக்கோ, தன் வயிற்றுக்குள் இருப்பதை யாரோ வெளியே எடுத்து வாசிப்பது மாதிரி இருந்தது. அதிலும் அடியில் உறுமிக்கொண்டு ஓடுகிற பேஸ் கிடார்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. சீட்டுக் கட்டிப் பழைய பேஸ் ஒன்றை வாங்கினாள். ராத்திரி கடை சாத்தினபிறகு ஸ்டூலில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டாள்.

முருகையன் அதைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. அவர் வாயில் அதற்குப் பெயர் 'அந்தக் கட்டை'. பெருக்கும்போது அந்தக் கட்டையை அந்தாண்ட வை என்பார், அவ்வளவுதான். வந்தவர்கள் யாராவது அது என்ன என்று கேட்டால், பொண்ணு ஏதோ பாட்டு கத்துக்குது என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்த 'ஏதோ' ஜெயசுதாவுக்கு முள்ளாகக் குத்தும். பத்து வருஷமாக வாசிக்கிறவளைப் பற்றிப் பெற்ற அப்பன் சொல்லுகிற வார்த்தையா அது?

செஞ்சியில் ஹெவி மெட்டலா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருந்தது. மூன்று பேர் கொண்ட ஒரு பேண்டு, பேர் 'பீரங்கிமேடு'. கிடார் வாசித்துக்கொண்டே கத்துகிறவன் ஆதவன். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தபடியே செய்கிறவன். டிரம்ஸ் இளவரசன். உரக்கடைக்காரர் பிள்ளை, அடிக்கிற அடிக்கு நேர்மாறாக வாயே திறக்காதவன். பேஸ் ஜெயசுதா. இளவரசன் வீட்டு நெல் குடோனில்தான் ஒத்திகை. பேருக்கு மூன்று பேர். பேச்சு எப்போதும் ஆதவனுடையது.

சத்தம் கனமாக வேண்டும் என்று கிடாரின் சுருதியை ரொம்பக் கீழே இறக்கிவிட்டான் ஆதவன். பேஸும் கூடவே இறங்கத்தானே வேண்டும்? இறங்கியது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஜெயசுதாவின் கம்பிகள் சாதாரண கனம். அந்தச் சுருதிக்கு இறக்கினதும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொங்கின. தட்டினால் சுருதியே நிற்காமல் கடகடவென்று கட்டையில் அடித்தன. சரி, கனமான கம்பி போடுவோம் என்று நிக்கல் பூசினதாக ஒரு செட் வரவழைத்தாள். தொய்வு போனது. ஆனால் ஆதவனின் கிடாரும் கீழேயே உருளுவதால், இவளுடைய மெத்தென்ற சத்தம் அதற்குள் அமுங்கிப் போனது. பாட்டு முழுக்க வாசித்துவிட்டு ரெக்கார்டிங்கைக் கேட்டால், தான் இருக்கிற இடமே தெரியவில்லை. பட்டை போட்ட வழவழப்பான கம்பியையும் முயன்று பார்த்தாள். அது இன்னும் மோசம், தலையணையில் அடித்த மாதிரி இருந்தது.

ஒருநாள் ஒத்திகையில் ஆதவன் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, விஜயதசமிக்கு ஒப்புக்கொண்டிருக்கிற பாண்டிச்சேரி கச்சேரியில் உன் சத்தம் மேலே வரவில்லை என்றால் பேஸை முன்னாலேயே பதிந்து லேப்டாப்பில் போட்டுக்கொள்வோம், இப்போதெல்லாம் பெரிய பேண்டுகளே அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். ஏதோ பழைய மிக்சியை மாற்றுகிற மாதிரி சொன்னான். ஜெயசுதாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அவன் வீட்டு மோட்டாரைக் கட்டினவள் அவள்தான். அன்றைக்கு அவள் திட்டாமல் வந்தது இளவரசனுக்கே ஆச்சரியம். திட்டினால் அதையே சாக்காக வைத்துக் கழற்றிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். வாசித்துக் காட்டுவதுதான் பதில் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் பிடித்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, இருப்பதிலேயே கனமான செட். ஸ்டீல் கம்பி விரலை அறுக்கும், பேஸின் கழுத்தில் உள்ள தகட்டையும் தின்னும். ஆனால் அதில் ஒரு கறகறப்பு உண்டு. கிடார் எவ்வளவு இரைந்தாலும் அந்தக் கறகறப்பு அதைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். செட் சென்னையிலிருந்து வர இரண்டு வாரம் ஆனது. அடிக்கம்பி அவ்வளவு தடிமன் என்பதால், கழுத்து மேல்முனையில் கம்பி உட்காருகிற பள்ளத்தில் அது இறங்கவேயில்லை. கடையிலிருந்த மெல்லிய அரத்தால் அந்தப் பள்ளத்தை மூச்சுப் பிடித்துக்கொண்டு ராவினாள். ஆயுதபூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் நான்கு கம்பியும் ஏறி, சுருதி நின்று, அடிக்கம்பியைத் தட்டியபோது டேபிள் மேலிருந்த நட்டு போல்டெல்லாம் அதிர்ந்தன. சத்தம் உறுமியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டியில் கச்சேரி நாளை மறுநாள், விஜயதசமி சாயங்காலம். பேஸைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் வாழைக்கன்றும் பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். பண்டிகைக் கூட்டம், வண்டி நகர வழியில்லை. திரும்பி வருவதற்குள் முருகையன் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டும் வைத்து முடித்திருந்தார். காயில் சுற்றுகிற மெஷின், டிரில்லிங் மெஷின், கட்டிங் பிளேயர், சுத்தியல், தராசு, மொபெட். அந்த வரிசையின் நடுவில், மணைமேல், மாலை போட்டுக்கொண்டு அவளுடைய பேஸ்.

முருகையன் பொட்டு வைப்பதில் ஒரு முறை வைத்திருக்கிறார். எந்தச் சாமானுக்கும் அது வேலை செய்கிற இடத்தில்தான் வைப்பார். கத்தி என்றால் கைப்பிடியில் இல்லை, வாயில். பிளேயர் என்றால் அதன் பல்லில். பேஸில் வேலை செய்வது எது என்று யோசித்திருக்கிறார். கம்பிதான். விடியற்காலையில் தானே கல்லில் இழைத்த சந்தனத்தை நான்கு கம்பிக்கும் மேலிருந்து கீழ்வரை கெட்டியாக, ஒரு இடம் விடாமல் பூசி, அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தார்.

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மோட்டார் காயில் மாதிரிதான். அந்தச் சுற்றுகளுக்கு நடுவே ஒரு தூசு சேர்ந்தாலே கறகறப்பு மங்கிவிடும். இங்கே ஈரச் சந்தனம் புகுந்து இறுகிக்கொண்டிருந்தது. ஜெயசுதா கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே போட்டாள்.

"யாரக் கேட்டு இதத் தொட்ட நைனா?" என்றாள்.

முருகையன் முகத்தில் அதுவரை இருந்த சந்தோஷம் போகவில்லை. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நல்லா வச்சிருக்கேனா என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எத்தனை மாசம் அலைந்து இந்தக் கம்பியைப் பிடித்தேன் தெரியுமா, நாளைக்கு நான் எதை வைத்து வாசிப்பது, பத்து வருஷமாக ஏறெடுத்துப் பார்க்காதவனுக்கு இன்றைக்கு என்ன அக்கறை பொத்துக்கொண்டு வந்தது என்று ஆரம்பித்து, தெருவே நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். ஆதவன்மேல் கொட்டாமல் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டு வந்தது. கடைசியாகச் சொன்னது இது:

"ஒனக்கு மோட்டாரத் தவிர இன்னா தெரியும்? அறிவு இருக்குதா ஒனக்கு?"

அம்மா கமலாம்பாள் குறுக்கே வந்து, பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது, நாளைக் காலைவரை பொறுத்துக்கோ என்று கெஞ்சினாள். நாளைவரை விட்டால் சந்தனம் கல்லாகிவிடும். ஜெயசுதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையைப் பிய்த்து எறிந்தாள். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே, முருகையன் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு கம்பியையும் கழற்றித் தின்னர் தட்டில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து தட்டில் நின்றது. முருகையன் கீழே கிடந்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று கம்பி பிழைத்தது. கனமான அடிக்கம்பி பிழைக்கவில்லை. அதில் சுற்றுமேல் சுற்று அதிகம், உள்ளே போனது வெளியே வரவில்லை. தட்டினால் தொம் என்றது. பாட்டு முழுக்க அந்தக் கம்பியில்தான். புதுசு வாங்கச் செஞ்சியில் கடையும் இல்லை, பண்டிகை நாளில் கூரியரும் இல்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவும் இல்லை.

பாண்டிச்சேரியில் ஒரு பழைய கிடங்கை மேடையாக்கி வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். அடிக்கம்பி இப்படி ஆகிவிட்டது என்று ஜெயசுதா ஆதவனிடம் சொன்னாள். அவன் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ லேப்டாப்பிலிருந்து நிமிராமல், பரவாயில்லை, பார்த்துக்கலாம் என்றான். ஒரு சின்னப் பிசிறு என்றாலும் ஒத்திகையை நிறுத்திப் பாடம் எடுக்கிற ஆள் இப்படிச் சொன்னது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் உறைக்கவில்லை. பக்கத்திலிருந்த தன் சின்ன ஆம்ப்ளிஃபயரைச் சத்தம் கூட்டி வைத்துக்கொண்டாள்.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. விரல் தோல் உரிய உரிய வாசித்தாள். செத்த கம்பியை அடித்து எழுப்பிவிடுவது என்று அவள் ஒரு முடிவோடு இருந்தாள். மூன்றாவது பாட்டில் பின்னால் நகர்ந்தபோது காலில் வயர் மாட்டி, பேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயர் பொட்டென்று அடங்கியது. ஆனால் கிடங்கின் பெரிய ஸ்பீக்கர்களில் பேஸ் நிற்கவில்லை. அடித்தளத்தில் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே ஓடியது. ஜெயசுதா இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்தாள். அப்போதும் ஓடியது. கூட்டம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்ததும் ஆதவனிடம் போனாள். அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் சொன்னான்.

"டென்ஷன் ஆவாத. ஒரு வாரமா லேப்டாப்புல ரெடி பண்ணி வச்சிருக்கேன். நீ மேடைல நின்னா போதும், பொண்ணு வாசிக்கிதுன்னுதான் நம்மளயே கூப்ட்டாங்க."

ஒரு வாரமாக. அப்படியென்றால் அந்தக் கம்பி உறுமியிருந்தாலும் ஒன்றுதான், தொம் என்றிருந்தாலும் ஒன்றுதான். அதன் சத்தம் ஸ்பீக்கர் பக்கம் போகவே இல்லை. டிரம்ஸுக்குப் பின்னால் இளவரசன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜெயசுதா நேராக லேப்டாப்புக்குப் போய் அதில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினாள். "இப்ப வாசி" என்று மட்டும் சொன்னாள். பேஸை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையின் முன்பக்கமாகவே இறங்கிக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து போனாள். பின்னால் கிடார் தனியாக, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. அதைக் கேட்டுக்கூட அவளுக்குத் திருப்தி வரவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனைக் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் திண்டிவனம் வரை மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கடை திறந்தபோது முருகையன் முன்னாலேயே வந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைப் பார்த்தும் நிமிரவில்லை. ஜெயசுதா எதிரில் உட்கார்ந்து கருகின காயிலை வெட்டி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்றை வெட்டி இழுத்துப் போட்டுவிட்டு, கோபம் இன்னும் முழுதாக ஆறாத குரலிலேயே கேட்டாள், இத்தனை வருஷம் பேஸுக்குப் பொட்டு வைக்காத மனுஷன் இந்த வருஷம் மட்டும் எதற்காக வைத்தாய் என்று.

முருகையன் பேரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பூசைக்கு மொத நாள் சாயங்காலம் நீ வாசிச்சியே, டேபிளே ஆடுச்சு. அப்பதான் எனக்கு ஒறச்சுது. வேல செய்யிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், இத மட்டும் மூலைல உட்டா, இது வெளாட்டுச் சாமான்னு பெத்த நானே சொன்ன மாதிரி ஆவுது. அதான் வச்சேன்."

ஜெயசுதாவுக்குக் கை நின்றுவிட்டது. யாரைத் திட்டியிருக்க வேண்டுமோ அவனிடம் இரண்டே வார்த்தை பேசிவிட்டு இறங்கி வந்திருந்தாள். இருந்த திட்டு மொத்தத்தையும் அதற்கு முதல்நாளே, தெரு பார்க்க, இந்த மனுஷன்மேல் கொட்டித் தீர்த்திருந்தாள். தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முருகையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கேட்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கமாக இருந்தது.

"நேத்து கச்சேரி என்னாலதான் கெட்டுப்போச்சா?"

"இல்ல நைனா," என்றாள் ஜெயசுதா. "உன்னால இல்ல."