சன்னல் திட்டில் கவிழ்ந்து கிடந்த கார்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னல் திட்டில் ஒரு பொம்மைக் கார் நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை அதன் பின்சக்கரம் ‘டுர்’ரென்று ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். அப்படிச் சுற்றினால், கீழே விளையாட்டுத் திடலில் என் மகள் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். சுற்றாமல் போனால் என்ன பொருள் என்பதை ஒரு மழை மாலையில் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 

என் பயத்துக்கு முதல் காரணம் சிங்கப்பூரின் தேக்கா சந்தை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஆட்டிறைச்சி வாங்கப் போயிருந்தோம். அவள் அப்பாவின் கையைப் பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என் கையைப் பிடித்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். கறி வெட்டி முடித்து, ஈரல் கொஞ்சம் கூடப் போடச் சொல்லித் திரும்பினால், எங்கள் இருவருக்கும் நடுவில் கூடை மட்டும் இருந்தது.

முக்கால் மணி நேரம் தேடினோம். சிராங்கூன் சாலையைக் குறுக்கே கடந்து, மாவரைக்கும் கடை ஒன்றில், மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க மாவு. கடைக்காரர் கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே, “நான் தொலையலம்மா. நீங்க ரெண்டு பேருந்தான் காணாப் போயிட்டீங்க” என்றாள். என் கணவர் சிரித்துவிட்டார். நான் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அவளைத் தனியாகக் கீழே விடவில்லை. எங்கள் வீடு தோ பாயோவில், நான்காவது மாடியில். கீழே மணல் கொட்டிய திடலில் பெரிய டிராகன் ஒன்று சறுக்குமரமாக நின்றது. அதன் பக்கத்தில் பழைய டயர்களில் செய்த ஊஞ்சல்கள். பிள்ளைகள் மாலை முழுக்க அங்கேதான் கிடப்பார்கள். என் மகளும் போவாள், நானும் கூடவே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பது வயதில் சண்டை வந்தது.

“எல்லாரும் தனியாத்தான் விளையாடுறாங்க. எனக்கு மட்டும் வாலு மாதிரி நீ.”

“எட்டிப் பார்த்தா தெரியுற தூரம்தானே, விடேன்” என்றார் கணவர்.

எட்டிப் பார்த்தால் தெரியாது. திடலில் பாதியை ஒரு தூங்குமூஞ்சி மரம் மறைத்திருந்தது. அவர் காலையில் வேலைக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புகிறவர், அந்த மரத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

நான் வேலை செய்தது மின்னணுத் தொழிற்சாலையில், மதியத்தோடு முடியும் காலை ஷிப்டில். பள்ளியில் ஓ லெவல் தேர்வு முடித்த கையோடு, எழுபதுகளில், கம்பிகளைப் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு மாலை வகுப்புகளுக்குப் போய்ப் படித்துச் சோதனைப் பிரிவில் டெக்னீஷியன் ஆனேன். மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லு அப்போதுதான் எங்கள் மேசைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பூரான். நாம் எழுதிக் கொடுக்கும் வேலையை அதுவே செய்யும். எழுதியது தப்பென்றால், அதன் நடுவிலுள்ள சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்டி அழித்துவிட்டு, மறுபடி எழுதலாம். எங்கள் பகுதி எஞ்சினியர், ஒரு சீனர், மாதிரிக்கு வந்து மிஞ்சிய சில்லு ஒன்றை எனக்குக் கொடுத்தார். பிள்ளைக்காக என்று சொன்னதும் காரணம் கேட்கவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், கம்பியில்லாமல் இயக்கும் பொம்மைக் கார் ஒன்று கிடைத்தது. ஸ்டியரிங் உடைந்திருந்தது, எனக்கு அது தேவையும் இல்லை. காரை இயக்கக் கையில் பிடிக்கும் கருவியின் உள்ளே இருந்த, சமிக்ஞை அனுப்பும் பலகையைக் கழற்றிச் சில்லோடு சேர்த்தேன். கார் அப்படியே வீட்டில் இருக்கும். மகளிடமிருந்து சமிக்ஞை வந்தால் சக்கரம் சுற்றும்.

அவள் ஓடுகிறாள் என்பது சில்லுக்கு எப்படித் தெரியும்? அதற்கு என் கணவர் உதவினார். பஸ் மெக்கானிக் அவர். தேய்ந்த பேரிங் ஒன்றிலிருந்து இரும்புக் குண்டு ஒன்றை எடுத்து வந்தார். அதை ஒரு பேனா மூடிக்குள் போட்டு, இரண்டு கம்பிகளை நீட்டி வைத்தேன். உடம்பு அசைந்தால் குண்டு உருண்டு கம்பிகளைத் தொடும்.

“பெத்த பிள்ளை இடுப்புல குண்டு கட்டி அனுப்புற தாய், சிங்கப்பூர்லயே நீ ஒருத்திதான்” என்றார்.

எல்லாவற்றையும் ஒரு இளஞ்சிவப்பு சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, மகளின் இடுப்பில் கட்டி, அவளைத் தனியாகக் கீழே அனுப்பினேன். முதல் நாள் நான்கு பேட்டரியும் மாலைக்குள் செத்துவிட்டன. புதிது போட்டேன், அதுவும் செத்தது. நான் எழுதியிருந்ததை எஞ்சினியரிடம் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“இது ஏன் முழுநேரமும் குண்டு ஆடுதா, குண்டு ஆடுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கு?”

“பார்க்கலைன்னா எப்படித் தெரியும்?”

“தூங்க விடு. குண்டு ஆடினா, குண்டே தட்டி எழுப்பும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடி படுத்துக்கட்டும்.” தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, “பார்த்தாலே தெரியுது நீ எழுதினதுன்னு” என்றார்.

அப்படியே மாற்றினேன். சில்லு ஆழ்ந்து தூங்கும். குண்டின் தட்டலில் விழிக்கும்போது, புதிதாகப் பிறந்ததுபோல் முதல் வரியிலிருந்து தொடங்கும். ஒரு முறை ‘இருக்கேன்’ என்று சொல்லும். அரை நிமிடம் எந்தத் தட்டலையும் காதில் வாங்காமல் கிடந்துவிட்டு, மீண்டும் தூங்கப் போகும். அதன் பிறகு பேட்டரி ஒரு பள்ளித் தவணை முழுவதும் வந்தது.

ஏரியலுக்கு ஒரு நீளக் கம்பியை, துணி காயப்போடும் மூங்கில் கழியில் சுற்றிச் சன்னலுக்கு வெளியே நீட்டினேன். போர்வை காயும் நாளில் மட்டும் சமிக்ஞை கொஞ்சம் தடுமாறும்.

அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. நான் வெங்காயம் நறுக்குவேன், சக்கரம் சுற்றும். அரிசி களைவேன், சக்கரம் சுற்றும். இரண்டு ‘அருள் நிறைந்த மரியே’ நிதானமாகச் சொன்னால் அரை நிமிடம் ஆகும். ஜெபமாலையின் ஒவ்வொரு இரண்டாவது மணிக்கும் என் மகள் நான்கு மாடிக்குக் கீழிருந்து எனக்குப் பதில் சொன்னாள். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று நானே பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

திடலில் அவளுக்கு ‘சபுன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மலாயில் சோப்பு. “சபுன் வருது, வழுக்கும், வழுக்கும்” என்று கத்துவார்களாம்.

அது ஆண்டு இறுதி விடுமுறை. சன்னலோரம் நின்று, இங்கே இக்கான் பிலிஸ் என்று சொல்லும் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். சக்கரம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று வானம் கறுத்தது. பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன. துணி நனையுமே என்று கழிகளை உள்ளே இழுத்தேன். சக்கரம் நின்றது.

ஏரியல் கழியையும் சேர்த்து இழுத்துவிட்டேனே, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கழியை மட்டும் மழையில் திரும்ப நீட்டினேன். இரண்டு மரியே சொன்னேன். நான்கு சொன்னேன். பத்தாவது பாதியில் சொற்கள் குழம்பின. சக்கரம் அசையவில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. திடலில் ஒருவரும் இல்லை. டிராகனின் முதுகில் மழை வழிந்துகொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பின்னால் பார்த்தேன். சறுக்குமரத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். டயர் ஊஞ்சல்கள் ஆடாமல் தொங்கின. அவற்றில் ஒன்றின் உள்வளைவில் ஏதோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

சோப்பு டப்பாவை அவளுடைய பள்ளி ரிப்பனால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நல்ல முடிச்சு, அவள் அப்பா கற்றுக்கொடுத்தது. பிள்ளைகள் மாறி மாறி ஊஞ்சலாடும்வரை குண்டு ஆடியிருக்கிறது, நான் நிம்மதியாக மீன் தலை கிள்ளியிருக்கிறேன். மழை வந்து அவர்கள் ஓடியதும் எல்லாம் நின்றுவிட்டது.

அதை அவிழ்த்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஆட்டினேன். அன்றைக்குச் சீக்கிரம் வீடு திரும்பிய என் கணவர் அந்த நேரம் சமையலறைக்குள் வந்திருக்கிறார். சக்கரம் சுற்றுவதைப் பார்த்து, பிள்ளை விளையாடுகிறாள் என்று டீ போட அடுப்பைப் பற்றவைத்தாராம்.

கால் மணி நேரம் இருக்கும். பெரிய கால்வாய்ப் பக்கமிருந்து நான்கு பிள்ளைகள் சொட்டச் சொட்ட வந்தார்கள். கடைசியில் என் மகள். ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பை, அதில் ஐந்தாறு லோங்காங் மீன்கள். சாக்கடையிலும் கால்வாயிலும் பிடிக்கும் பொடி மீன்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மழை பெய்தால் அந்தக் கால்வாயில் தண்ணீர் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். செருப்பு எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். “நான் நனைக்கலம்மா. நல்லாத்தான் கட்டினேன்” என்றாள்.

வீட்டில் அவளுக்குத் தலை துவட்டத் தொடங்கியதும் என் கணவர் துண்டை வாங்கிக்கொண்டார்.

“எதுக்குடி இப்படிச் செஞ்ச?” என்றேன்.

“எல்லாரும் சபுன்னு கூப்பிடுறாங்க.”

“அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ வேற கலர் டப்பா வாங்குவ.”

அவர் துண்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் வாங்கியிருப்பேன். நீல நிறம் ஒன்றை மனத்தில் வைத்தும் இருந்தேன்.

“அந்தப் பெட்டி, நான் நல்லாருக்கேன்னு சொல்லலம்மா” என்றாள், துண்டுக்குள்ளிருந்து. “குண்டு ஆடுதுன்னு மட்டுந்தான் சொல்லுது.”

 செருப்பைப் பற்றி அவளே பிறகு சொன்னாள். தண்ணீர் ஏறியதும் கால் வழுக்கியதாம், கூட வந்த பெண் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். சொன்ன பிறகுதான் அழுதாள்.

“இனிமே நானே சொல்றேன். சன்னலுக்குக் கீழ வந்து நின்னு சொல்றேன்.”

“கால் மணிக்கு ஒரு தடவை.”

“அரை மணி.”

“கால் மணி!”

“கால்வாய்ப் பக்கம் போக மாட்டேன். அரை மணி.”

“அரை மணிக்கு ஒத்துக்கோ. கால்வாய்தான் போச்சே, மீனையாவது வச்சுக்கட்டும்” என்றார் கணவர் என்னிடம். மீன்கள் அதற்குள் ஊறுகாய் பாட்டிலுக்குக் குடி போயிருந்தன.

மறுநாள் முதல், அரை மணிக்கு ஒரு முறை, கீழேயிருந்து “ம்மா, இருக்கேன்!” என்று ஒரு கத்தல் வரும். நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஓடிவிடுவாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கு அந்தச் சொல் பழகிப்போனது. நான் குளியலறையில் இருந்துவிட்டு அரக்கப்பரக்க வந்தால், தாழ்வாரத்திலிருந்தே, “இருக்கேன், சுடா லா!” என்பார். மலாயில், சொல்லியாச்சு என்று அர்த்தம். சில நாள் கத்தல் ஐந்து நிமிடம் தாமதமாகும். அந்த ஐந்து நிமிடத்தில் என்னிடம் சக்கரம் இல்லை, ஏரியல் இல்லை. அவள் சொன்ன சொல் மட்டும் இருந்தது. அதை நம்பி நிற்கப் பழக எனக்கு வெகுநாள் ஆனது. பழகிவிட்டேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் வகுப்புக்கு மதியம் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பொதுத் தொலைபேசியிலிருந்து மூன்று முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் கேள்வி கேட்பேன் என்பதால், அவள் போட்ட சட்டம் அது.

போன வாரம் ஒரு நாள் பயங்கர மழை. மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. நான்கு. ஐந்தில் பாய்ந்து எடுத்தேன்.

“என்னடி? என்ன ஆச்சு?”

“ஒன்னுமில்லம்மா. வந்துட்டேன். இங்க மழை.”

“குடை?”

“இருக்கு. அதுக்கில்ல. மழை பெய்யுதே, நீ அந்தக் காரைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பியேன்னு விடாம அடிச்சேன்.”

“இல்லையே” என்றேன். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் கார். பேட்டரி கழற்றி எத்தனையோ நாள் ஆகிறது. பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சத்தம் அங்கே கேட்டிருக்க வேண்டும்.

“அதைக் கீழ வைம்மா” என்றாள். “வச்சுட்டுப் போய் டீ குடி.”